கிலோ பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு சைக்கிள்



ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எதுவும் எழுதல. மரவள்ளி பறிப்பு, அது முடிஞ்சதும் மறு நடவுக்கு உழவு, நடுவுல வீட்டுல ஒரு பெரிய செலவு. அந்தச் செலவைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதறேன். ஏன்னா ஊருக்குள்ள டீக்கடையில, ரேஷன் கடை வரிசையில, எங்க போனாலும் அதே கேள்விதான். "ஏனுங்க, சைக்கிளுக்கு எம்பதாயிரம் குடுத்தீங்களாமே, நெசமா?"

நெசந்தான். 82,000 ரூபாய். அதுவும் புதுசு இல்ல, ஒருத்தர் நாலு வருஷம் ஓட்டினது. எடை 8 கிலோ 200 கிராம். எங்க ஊர் பால் சொசைட்டியில கணக்கு எழுதுற பெரியவர் மனக்கணக்குல கெட்டி. உடனே சொல்லிட்டார், "அப்ப கிலோ பத்தாயிரம். ஆட்டுக்கறியே ஆயிரத்துக்குள்ளதான்யா விக்குது!" அன்னையில இருந்து என் வீட்டு சைக்கிளுக்கு ஊர்ல பேரே 'கிலோ பத்தாயிரம்' தான்.

சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். ஆனா கேக்கிறவங்கள்ல ரெண்டு மூணு பேர் நெசமாவே விவரம் கேக்கறாங்க. அவங்க புள்ளைங்களும் சைக்கிள் ரேசுக்குப் போகுது. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவைக் கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

எடைதான் பெருமையா இருந்த காலம்

எங்க அப்பா கிட்ட ஒரு கறுப்பு ஹெர்குலஸ் இருந்துச்சு. இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோட சேர்ந்து நம்ம ஊரு முருகப்பா குழுமம் 1949-ல ஆரம்பிச்சதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். மெட்ராஸ் பக்கத்துல அம்பத்தூர்ல ஃபேக்டரி. அந்தக் காலத்து விவசாயி வீட்டுல ஹெர்குலஸோ, பி.எஸ்.ஏ.வோ, வடக்க இருந்து வர்ற ஹீரோ, அட்லஸோ ஒண்ணு நிக்கும். எல்லாமே இரும்பு. வெறும் வண்டியே சுமார் 20 கிலோ.

அந்த எடையை யாரும் குறையாச் சொன்னதில்ல. "கனமா இருக்குது, நல்ல இரும்பு"ன்னு தட்டிப் பார்த்து வாங்குவாங்க. பின்னாடி கேரியர்ல ஒரு மூட்டை, நடுக்கம்பியில பால் கேன், முன்னாடி தம்பி உக்காந்திருப்பான். மரவள்ளிக் குச்சியைக் கட்டுக் கட்டாக் கட்டி, வண்டியைத் தள்ளிட்டே காட்டுக்குப் போவோம். எங்க ஊர்ல சைக்கிள் ஒரு கழுதை மாதிரி. எவ்வளவு சுமக்குதுங்கிறதுதான் கணக்கு. எவ்வளவு வேகமாப் போகுதுன்னு யார் பார்த்தா?

அதனால, எடை குறையக் குறைய விலை ஏறுற சைக்கிள் இருக்குதுன்னா எங்க வயசுக்காரங்களுக்கு நம்ப முடியாதுதான். ஆனா நமக்குத் தெரிஞ்ச ஒரு வியாபாரம் இதுக்குச் சரியா ஒத்துப் போகும். நம்ம மரவள்ளியை சேகோ ஆலைக்காரங்க எப்படி எடுக்கறாங்க? கிழங்கு எவ்வளவு பெருசுன்னு பாத்தா பணம் போடறாங்க? பாயிண்ட் பார்க்கறாங்க. உள்ள எவ்வளவு மாவு இருக்குதுங்கிறதுதான் விலை. அதே மாதிரி இங்க இரும்புக்குக் காசு இல்ல. இரும்பு இல்லாம அதே உறுதியைக் கொண்டு வந்ததுக்குக் காசு.

பொண்ணு எப்படி இதுக்குள்ள வந்துச்சு

பெரியவ பத்தாவது படிக்கிறப்ப அண்ணா பிறந்த நாள் மிதிவண்டிப் போட்டிக்குப் பள்ளிக்கூடத்துல பேர் குடுத்துட்டு வந்து நின்னா. செப்டம்பர்ல எல்லா மாவட்டத்துலயும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துற போட்டி அது. அதுல ஒரு நல்ல விதி உண்டு. இந்தியாவுல செஞ்ச, சாதாரண கைப்பிடி வெச்ச சைக்கிள்தான் ஓட்டணும். பணக்கார வீட்டுப் புள்ளையும் நம்ம புள்ளையும் ஒரே மாதிரி வண்டியில நிக்கும். பொண்ணுங்களுக்கு 15 கிலோமீட்டர். முதல் வருஷம் ஏழாவதா வந்தா. பதினொண்ணாவதுல அரசாங்கம் குடுத்த விலையில்லா சைக்கிள்ல ஓட்டி ரெண்டாவது வந்தா. கைக்குப் பரிசுப் பணம் வந்ததும் அம்மா கிட்டக் குடுத்துட்டா, செலவு பண்ணல.

மாவட்டத்தைத் தாண்டினா கதை வேற. மாநில அளவுல ரோடு ரேஸ்னா எல்லாரும் ரேஸ் சைக்கிள்லதான் வருவாங்க. கிடாக் கொம்பு மாதிரி வளைஞ்ச கைப்பிடி, ஊசி மாதிரி டயர். நாமக்கல்ல இவளுக்குச் சொல்லிக் குடுக்கிற கோச், அவர்கிட்டப் பழகின ஒரு பையனோட அலுமினிய சைக்கிளை ஒரு வருஷத்துக்கு இரவலா வாங்கிக் குடுத்தார். 10 கிலோ எடை. அதுல ஓட்டி மாநிலத் தேர்வுல எட்டாவது வந்தா. ஆறு பேரைத்தான் எடுத்தாங்க. ஆறாவது வந்த புள்ளைக்கும் இவளுக்கும் 40 வினாடிதான் வித்தியாசம்.

இந்த வருஷம் அந்தப் பையனுக்கு பெங்களூர்ல வேலை கிடைச்சிருச்சு, சைக்கிளைக் கேட்டான். அவன் பொருள், குடுத்துத்தான ஆகணும்? குடுத்துட்டு வந்த அன்னைக்கு பொண்ணு ஒண்ணும் பேசல. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, கட்டுத்தரையைக் கூட்டிட்டு, படுத்துட்டா. மறுநாள் காலைல 5 மணிக்கு அரசாங்க சைக்கிளை எடுத்துக்கிட்டு காரவள்ளி வரைக்கும் போயிட்டு வந்தா. 20 கிலோ வண்டியில.

அதைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?

கார்பன்னா என்ன

கார்பன் சைக்கிள்னா கரியில செஞ்சதுன்னு எங்க அம்மா நினைச்சுக்கிச்சு. "மழை பெஞ்சா கரைஞ்சிடாதா?"ன்னு கேட்டுது. கோச்சும், கோயம்புத்தூர்ல ஒரு மெக்கானிக்கும் சொன்னதை வெச்சு நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்.

தலைமுடியைவிட மெல்லிசான கரி நூல். அந்த நூலைத் துணி மாதிரி விரிச்சு, ஒரு பசையில ஊறவெச்சு, அச்சுக்குள்ள அடுக்கடுக்கா ஒட்டி, சூட்டுல வேகவெச்சு எடுக்கறாங்க. வாழை நார் தெரியும்ல? நீளவாக்குல இழுத்தா மாடு இழுத்தாலும் அறுக்காது, குறுக்க மடக்கினா பிஞ்சிடும். கரி நூலும் அப்படித்தான். அதனால ஒரு அடுக்கு நேரா, ஒரு அடுக்கு சாய்வா, ஒரு அடுக்கு எதிர்ச் சாய்வான்னு வெப்பாங்க. எங்க பலம் வேணுமோ அங்க அடுக்கு அதிகம், எங்க வேண்டாமோ அங்க கம்மி. நம்ம கயித்துக் கட்டில் பின்றதும் இந்த யோசனைதான். உலகத்துல விக்கிற கார்பன் ஃபிரேம்ல பெரும்பாலும் தைவான்லயும் சீனாவுலயும் செஞ்சது. ஸ்டிக்கர்ல எந்த நாட்டுக் கம்பெனி பேர் இருந்தாலும் சரி.

நல்லது என்னன்னா எடை கம்மி, மிதிக்கிறப்ப வளையாது, ரோட்டு அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கும். கெட்டது என்னன்னா, இரும்பு வளையும், அலுமினியம் நசுங்கும், கார்பன் விரிசல் விடும். விரிசல் சில சமயம் பெயிண்டுக்கு அடியில இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஓட்டிட்டு இருக்கிறப்ப திடீர்னு உடைஞ்சா புள்ளை முகம் ரோட்டுலதான். பழைய சைக்கிள் வாங்கறவங்க பயப்பட வேண்டியது இந்த ஒண்ணுக்குத்தான்.

எடைக் கணக்கு

நானும் பொண்ணும் அவ கணக்கு நோட்டுலயே இதைப் போட்டுப் பார்த்தோம்.

அவ எடை, தண்ணி பாட்டில், ஷூ எல்லாம் சேர்த்து 54 கிலோ. அரசாங்க சைக்கிளோட சேர்த்தா 74. அலுமினிய ரேஸ் சைக்கிளோட 64. இந்தக் கார்பன் சைக்கிளோட 62.2.

மலை ஏத்தத்துல எவ்வளவு எடையைத் தூக்கிட்டுப் போறோமோ அவ்வளவு பாடு. 74-ல இருந்து 64-க்கு வந்தா நூத்துக்கு பதிமூணு பங்குக்கு மேல மிச்சம். 64-ல இருந்து 62.2-க்கு வந்தா நூத்துக்கு மூணு பங்குகூட இல்ல. நூறு நிமிஷம் ஏறுற மலையில மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் மிச்சமாகும்.

தட்டையான ரோட்டுல அதுவும் கிடையாது. அங்க எடை எதிரி இல்ல, காத்துதான் எதிரி. வேகம் 30-ஐத் தாண்டிட்டா மிதிக்கிற பலத்துல பெரும்பங்கைக் காத்தே தின்னுடும். குனிஞ்சு ஓட்டப் பழகினா வர்ற லாபம், ஒரு கிலோ குறைக்கிறதுல வராது.

ஆக, முதல் பத்து கிலோவைக் குறைக்கிறதுலதான் பெரிய லாபம், அதுக்குக் கார்பன் வேண்டாம். கடைசி ரெண்டு கிலோவுக்குத்தான் காசு கொட்டணும். ஆனா 40 வினாடியில வாய்ப்புப் போன புள்ளைக்கு மூணு நிமிஷம்கிறது சின்ன விஷயமா? காலேஜுக்குப் போயிட்டு வர்ற புள்ளைக்கு ஒண்ணுமில்ல. கொல்லிமலை ஏறிப் பழகுற புள்ளைக்கு உண்டு. வாங்கலாமா வேண்டாமாங்கிறதுக்கு இதைவிட வேற அளவுகோல் எனக்குத் தெரியல.

இன்னொண்ணும் சொல்றேன். உலகப் போட்டியில ஓட்டுறவங்க சைக்கிள்கூட 6.8 கிலோவுக்குக் கீழ இருக்கக் கூடாதுன்னு சர்வதேச சைக்கிள் சங்கம் 2000-ம் வருஷத்துல விதி போட்டிருச்சு. பல லட்சம் ரூபாய் வண்டிக்கும் எங்க வீட்டு வண்டிக்கும் எடையில வித்தியாசம் 1 கிலோ 400 கிராம்தான். சோத்துக்குண்டான் எடைகூட வராது.

கடைக்குப் போனது

முதல்ல ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஊர், பேர் வேண்டாம். நான் வேட்டியில, அவ காலேஜ் சுடிதார்ல. அங்க இருந்த தம்பி எங்களைப் பார்த்துட்டு நேரா குழந்தைங்க சைக்கிள் பக்கம் கூட்டிட்டுப் போனான். "ரோடு பைக் பாக்கணும்"னு பொண்ணு சொன்னதும், "அது காஸ்ட்லிங்க"ன்னான். விலையைச் சொல்லுப்பான்னு கேட்டேன். புது கார்பன் 1,90,000-ல ஆரம்பம். புது அலுமினியம் 60,000. அதுல எட்டு பல்லு கியர்.

கியர் பத்தியும் தெரிஞ்சுக்கணும். ஷிமானோ கம்பெனியில கீழ இருந்து மேல கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அதுக்கும் மேல அல்டெக்ரா, டியூரா ஏஸ்னு வரிசை. கிளாரிஸ்ல பின்னாடி 8 பல்சக்கரம், சோராவுல 9, டியாக்ராவுல 10. மேல போகப் போக எடை குறையும், மாத்துறது வழுக்கிட்டுப் போகும். பழகுற புள்ளைக்குக் கிளாரிஸே போதும்னு கோச் சொல்வார். 105-க்கு மேல நம்ம மாதிரி ஆளுங்க பார்க்கவே வேண்டாம்.

கோச்தான் ஒரு வழி சொன்னார். "இப்ப வர்ற புது வண்டியெல்லாம் டிஸ்க் பிரேக். அதனால ரிம் பிரேக் வெச்ச நல்ல கார்பன் வண்டியை நிறையப் பேர் பாதி விலைக்குக் கீழ தள்ளி விடறாங்க. பிரேக் புடிக்குது, ஃபிரேம் நல்லா இருக்குதுன்னா உங்களுக்கு என்ன குறை?" கோயம்புத்தூர்ல அப்படி ஒண்ணு இருக்குதுன்னு போன் நம்பரும் அவரே குடுத்தார்.

வீட்டுல நடந்த பேச்சு

90,000 சொன்னாங்க. வீட்டுல பேச்சு எடுத்தேன். என் மனைவியோட தம்பி அன்னைக்கு வந்திருந்தான். அவனுக்குக் கோபம்.

"மச்சான், பொட்டப் புள்ளைக்கு இவ்வளவு ரூபாய்ல சைக்கிளா? அதைப் பவுனா எடுத்து வெச்சாலும் நாளைக்குக் கல்யாணத்துக்கு ஆகும். இதை எவன் வாங்குவான்? நாலு வருஷம் போனா இரும்புக் கடைக்காரன்கூட எடுக்க மாட்டான், இரும்பே இல்லையே!"

அவன் சொன்னதுல தப்பே இல்ல. கார்பன் உடைஞ்சா எடைக்குக்கூடப் போகாது. நான் பதில் சொல்லல. என் மனைவிதான் அடுப்படியில இருந்து வந்து சொல்லுச்சு.

"நானும் ஸ்கூல்ல கோகோ ஆடினவதான்டா. டிவிஷன்ல செலக்ட் ஆனப்ப வெளியூர் போக வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாரு. நகை போட்டுத்தான் கட்டிக் குடுத்தீங்க. அந்த நகை எத்தனை தடவை பேங்குக்குப் போயிட்டு வந்துச்சுன்னு மச்சானைக் கேளு."

24 வருஷம் ஆச்சு எங்களுக்குக் கல்யாணம் ஆகி. கோகோ ஆடினது தெரியும். செலக்ட் ஆனது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

அதுக்கப்புறம் மாப்ளயும் ஒண்ணும் சொல்லல. பணம் இப்படிச் சேர்ந்துச்சு. சினைக் கிடேரி ஒண்ணு 45,000-க்குக் குடுத்தோம். என் மனைவி ரெண்டு வருஷமாக் கட்டின சீட்டு 26,000. பொண்ணு பரிசுப் பணமும், லீவுல டியூசன் எடுத்துச் சேர்த்ததும் 11,000. கடன் ஒரு ரூபாய் இல்ல. இதை ஏன் எழுதறேன்னா, கிடேரி போனா அடுத்த வருஷப் பால் வருமானம் போச்சு. அதை எங்க சின்னவன் உட்பட வீட்டுல நாலு பேரும் தெரிஞ்சேதான் குடுத்தோம்.

மாடு பார்க்கிற மாதிரி பார்த்தோம்

வித்தவர் ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கிற தம்பி. முதுகு வலின்னு டாக்டர் குனிஞ்சு ஓட்டக் கூடாதுன்னுட்டாராம். வீட்டுக்குள்ள வரச் சொல்லி, மோர் குடுத்து, வண்டியை வெளிச்சத்துல நிறுத்தினார்.

புதன்சந்தையில முப்பது வருஷமா மாடு பார்த்த கண்ணு எனக்கு. சந்தையில முதல் வேலை பேசறது இல்ல, பார்க்கறது. கோச் எழுதிக் குடுத்த சீட்டை வெச்சுக்கிட்டு ஒண்ணொண்ணாப் பார்த்தோம். உங்களுக்கும் உதவும்னு அப்படியே எழுதறேன்.

முதல்ல சைஸ். சட்டை அளவு மாதிரி. பொண்ணு 5 அடி 3 அங்குலம், ஃபிரேம் 51. அளவு பொருந்தலைன்னா ஓசியில குடுத்தாலும் வேண்டாம். முதுகும் முட்டியும் போயிடும்.

ரெண்டாவது, ஈரத்துணியால ஃபிரேமை முழுசாத் துடைக்கணும். அழுக்கு மூடி இருந்தா விரிசல் தெரியாது. துடைச்சிட்டு டார்ச் அடிச்சு சாய்வாப் பார்க்கணும். கைப்பிடிக்குக் கீழ குழாய்ங்க சேர்ற இடம், பெடல் அச்சு இருக்கிற இடம், பின் சக்கரத்துக்குப் போற ரெண்டு கம்பி, சீட் குழாயை இறுக்கிற இடம், முன் ஃபோர்க். இந்த அஞ்சு இடத்துலதான் வியாதி வரும். கீறல்னா நகத்தை ஓட்டிப் பாருங்க. பெயிண்ட்ல மட்டும் இருந்தா பரவாயில்ல. நகம் மாட்டினா சந்தேகப்படணும்.

மூணாவது, ஒரு ரூபாய்க் காசை எடுத்து குழாய் நெடுக மெதுவாத் தட்டணும். இது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம், பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிறோம், பானையைச் சுண்டிப் பார்க்கிறோம். அதே வித்தைதான். நல்ல இடத்துல 'டிக் டிக்'குன்னு சுத்தமாக் கேக்கும். உள்ள விட்டிருந்தா 'தொப்'புன்னு அடங்கின சத்தம். அடுக்கு தடிமன் மாறுற இடத்துல சத்தம் கொஞ்சம் மாறும், அதனால இந்தப் பக்கம் தட்டினதை அந்தப் பக்கம் அதே இடத்துலயும் தட்டி ஒத்துப் பார்க்கணும். நான் தட்டத் தட்ட அந்தத் தம்பி சிரிச்சுட்டார். "அங்கிள், இதுவரைக்கும் பார்க்க வந்தவங்க யாரும் இப்படிப் பார்க்கல"ன்னார்.

நாலாவது, சீட்டைத் தாங்குற குழாய் ஏறி இறங்குதான்னு பார்க்கணும். சிலதுல ஒட்டிக்கிட்டு வராது. சக்கரத்தைச் சுத்தி விட்டு ஆட்டம் இருக்குதான்னு பார்க்கணும். செயின் நீண்டிருந்தா பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்னிருக்கும். செலவு வரும், விலையில கழிக்கணும்.

அஞ்சாவது, வண்டியைத் தலைகீழாக் கவுத்து பெடலுக்கு அடியில இருக்கிற நம்பரைப் பார்த்து, அவர் வாங்கின பில்லோட ஒத்துப் பார்க்கணும். திருட்டு வண்டி சுத்துது. பில் இல்லாம வாங்கவே கூடாது.

கடைசியா நேராக் கேட்டேன், "தம்பி, வண்டி விழுந்திருக்குதா?" மறைக்கல. "ஒரு தடவை வலது பக்கம் விழுந்தேன் அங்கிள்"ன்னு சொல்லி, பிரேக் லீவர்ல இருந்த தேய்ப்பையும் பின் கியர்ல இருந்த கீறலையும் அவரே காட்டினார். அந்தப் பக்கம் முழுசும் மறுபடியும் காசு வெச்சுத் தட்டினேன். சத்தம் சுத்தம். செயினும் டயரும் மாத்தணும்னு கணக்குச் சொன்னேன். 82,000-க்கு முடிஞ்சுது. காத்தடிக்கிற பம்பும் ரெண்டு டியூபும் சும்மாவே குடுத்தார். "நல்லா ஓட்டும்மா"ன்னு அவ கையில சாவி குடுக்கிற மாதிரி கைப்பிடியை எடுத்துக் குடுத்தப்ப அவருக்கும் கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு.

ஒரு நல்லது தானா அமைஞ்சுது. சக்கரம் ரெண்டும் அலுமினியம். கார்பன் சக்கரம் இன்னும் எடை கம்மி, பார்க்கவும் எடுப்பா இருக்கும். ஆனா ரிம் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே நீளமா மலை இறங்கினா சூடு ஏறிக் கெட்டுப் போகும். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. அங்க இறங்குறதுக்கு அலுமினியச் சக்கரம்தான் பத்திரம்.

எம்.ஜி.ஆர். மார்க்கெட்டுக்குக் காய் இறக்கிட்டுத் திரும்பின எங்க ஊர் டெம்போவுல, வெறும் கிரேட் மேல பழைய போர்வை சுத்தி, சக்கரம் ரெண்டையும் கழட்டி வெச்சுக் கொண்டு வந்தோம். பொண்ணு வழி பூரா பின்னாடியே உக்காந்து அதைப் புடிச்சுக்கிட்டு வந்தா.

ஊர்ல வெச்சுக் காப்பாத்துறது

வந்ததும் எங்க அம்மா சுத்திப் பார்த்துட்டு மூணு கேள்வி கேட்டுது. "கேரியர் எங்க? ஸ்டாண்டு எங்க? பெல்லு எங்க?" மூணும் இல்ல. "அப்ப இது சைக்கிளே இல்ல." தீர்ப்பு முடிஞ்சுது. பெல் மட்டும் ஒண்ணு வாங்கி மாட்டினோம்.

எங்க ஊர் சைக்கிள் கடைக்காரர் எனக்கு அண்ணன் முறை. 40 வருஷ அனுபவம். பிரியமா ஓடி வந்து சீட் போல்ட்டை அவர் ஸ்பேனர்ல இறுக்கப் போனார். "அண்ணா, வேண்டாங்க"ன்னு கையைப் புடிச்சுட்டேன். கார்பன்ல போல்ட்டை இவ்வளவுதான் இறுக்கணும்னு பக்கத்துலயே அச்சடிச்சிருப்பாங்க. இதுல 5 நியூட்டன் மீட்டர். கை பலத்துல இறுக்கினா நொறுங்கிடும். அதுக்குன்னே ஒரு ஸ்பேனர் இருக்குது, அளவு வந்ததும் 'டக்'குன்னு சொல்லும். 1,800 ரூபாய். வாங்கி அண்ணன் கடையிலயே வெச்சுட்டோம். இப்ப அவரே எல்லாருக்கும் எடுத்துக் காட்டுறார். சீட் குழாயில கிரீஸ் தடவக் கூடாது, கார்பனுக்குன்னு மணல் மாதிரி ஒரு பசை உண்டு, அதைத்தான் தடவணும்.

அடுத்த எதிரி முள்ளு. நெருஞ்சியும் சீமைக் கருவேலமும் இந்த டயருக்கு எமன். முன்னாடி இருந்தது 25 மில்லிமீட்டர் டயர். இந்த ஃபிரேமுக்குள்ள 28 நுழையும்னு மெக்கானிக் சொன்னார், மாத்திட்டோம். காத்தும் கொஞ்சம் கம்மியா வெக்கலாம், நம்ம ரோட்டுக்கு அது நல்லது. வீட்டுல இருந்து தார் ரோடு வரைக்கும் இருக்கிற வண்டித்தடத்துல அவ ஓட்டறதில்ல, தோள்ல தூக்கிட்டுத்தான் நடக்கறா. தூக்குற எடைதான!

வண்டி தகரக் கொட்டாயில நிக்கறதில்ல. மாடு உரசினா போச்சு. நெல் மூட்டை அடுக்குற ரூம்ல சுவத்துல ரெண்டு மர முளை அடிச்சு மாட்டியிருக்கோம்.

இப்ப எப்படி ஓடுது

காரவள்ளியில இருந்து எழுபதாவது வளைவு வரைக்கும் இரவல் வண்டியில 1 மணி 46 நிமிஷம் ஆச்சு அவளுக்கு. போன ஞாயித்துக்கிழமை 1 மணி 37 நிமிஷம். 9 நிமிஷம் குறைஞ்சிருக்கு. நாங்க நோட்டுல போட்ட கணக்குப்படி எடைக்குச் சேர வேண்டியது மூணு நிமிஷம்தான். மிச்சம் ஆறு நிமிஷம் யாரோடதுன்னு கேட்டேன். "எனக்குத்தான்ப்பா"ன்னா. அதுல எனக்கு சைக்கிளைவிடச் சந்தோஷம்.

மாநிலத் தேர்வு வர்ற மாசம். எடுப்பாங்களா தெரியாது. கோயம்புத்தூர், சென்னைப் புள்ளைங்க இதைவிட நல்ல வண்டியில, இதைவிட நல்ல பயிற்சியில வருவாங்க. எட்டாவது இடத்துல இருந்து ஆறாவதுக்கு வரணும், அவ்வளவுதான் அவ இப்பப் பேசறது. வரலைன்னாலும் கிடேரிக் கணக்கை அவ கிட்ட யாரும் சொல்லிக் காட்டக் கூடாதுன்னு வீட்டுல பேசி வெச்சிருக்கோம்.

விவரம் கேட்டவங்களுக்குக் கடைசியா ஒண்ணு. புள்ளை ரேசுக்குப் போகணும்னு சொன்ன உடனே கார்பன் வாங்காதீங்க. இருக்கிற வண்டியில ஒரு வருஷம் ஓட்டட்டும். விடாம ஓட்டினா பழைய அலுமினிய வண்டி ஒண்ணு பாருங்க, 30,000-க்குள்ள கிடைக்கும். அதுலயும் ஓட்டி, வினாடிக் கணக்குல தோக்க ஆரம்பிச்சா, அப்பக் கார்பனைப் பாருங்க. பார்க்கப் போறப்ப பாக்கெட்ல ஒரு ரூபாய்க் காசு இருக்கட்டும். பக்கத்து ஊர்க்காரங்க யாருக்காவது வண்டி பார்க்கத் துணை வேணும்னா சொல்லுங்க, வர்றேன். பஸ் காசும் ஒரு டீயும் போதும்.

அடுத்த பதிவுல மரவள்ளியில மாவுப்பூச்சி வந்ததையும், இந்தத் தடவை என்ன பாயிண்ட் கிடைச்சுதுங்கிறதையும் எழுதறேன்.